வயிற்றில் செதிள் உள்ள குருவிகள்

மகன்,

உனக்கு என் ஸலாம். சுகமா என்று கேட்டு இதைத் தொடங்கவில்லை. கேட்டால் நீ "நல்லம் உம்மா" என்பாய், நானும் "அல்ஹம்துலில்லாஹ்" என்பேன், அதோடு நம் இருவரின் கதையும் முடிந்துவிடும். நீ கட்டாருக்குப் போன ஐந்து வருடமாக அப்படித்தான் கதைத்துக்கொண்டிருக்கிறோம். போனில் எனக்குப் பொய் சுலபமாக வருகிறது. தாளில் அப்படி வருவதில்லை. ஒரு பொய்யை எழுதினால் அது அங்கேயே கிடந்து என்னைப் பார்க்கிறது. அதனால்தான் இதைக் கொப்பித்தாளில் எழுதுகிறேன். பின்வளவுக்காரர் வியாழக்கிழமை திரும்பவும் தோஹாவுக்குப் போகிறார். கருவாட்டுப் பார்சலுக்கும் தொதல் இனிப்புக்கும் நடுவில் வைத்துக் கொடுத்துவிடுவேன். அறையில் மற்றவர்கள் வேலைக்குப் போன பிறகு படி.

தங்கச்சியின் கலியாணம் முடிந்து இன்றோடு முப்பத்தைந்து நாள். நீ கட்டிய வீடு இப்போது அவளுடைய வீடு. ஊர் வழமைப்படி நடு அறையில் மருமகனும் அவளும் இருக்கிறார்கள். வாப்பாவும் நானும் பின்பக்கத் தகரக் கூரை அறைக்கு வந்துவிட்டோம். உன் உடுப்புப் பெட்டி என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. உன் குருவிக்கூடு என் யன்னலுக்கு நேரே, முருங்கை மரத்தடியில் நிற்கிறது. யன்னலைத் திறந்தால் அதுதான் தெரியும். திறக்காமல் இருந்தால் உள்ளே வெக்கை. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதும் அளவுக்கு வந்திருக்கிறேன்.

உன் குருவிகளைப் பற்றி நான் உன்னிடம் சொன்னது பொய்.

முதலிலிருந்து சொல்கிறேன். போகும்போது நீ சிவப்பு அலகு சீப்ராக் குருவிகளை எல்லாம் உன் கூட்டாளிக்குக் கொடுத்துவிட்டு, மண்ணிறப் பெங்காலிக் குருவிகள் நாலை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போனாய். "சீப்ராவ யாரும் வளக்கலாம் உம்மா. ஆணுக்குக் கன்னத்துல செம்மஞ்சள் இரிக்கி, பொண்ணுக்கு இல்ல, பாத்த உடன தெரியும். இதுகள்ல ஆணும் பொண்ணும் ஒரே மாதிரி. பாடினா ஆண், பாடாட்டிப் பொண்ணு. ஒங்களுக்குத்தான் பொறுமை இரிக்கி, நீங்க பாருங்க" என்றாய். எனக்குப் பொறுமை இருக்கிறது என்று அதற்கு முன்னும் பின்னும் யாரும் சொன்னதில்லை. நான் தினையும் தண்ணீரும் வைத்தேன், தட்டைக் கழுவினேன், எது பாடுகிறது என்று சுபஹுக்குப் பிறகு தேத்தண்ணியோடு உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பாடின. ஒன்று நீளமாக இழுத்து, நடுவில் உருட்டி, திரும்பவும் தொடக்கத்துக்கே வந்து பாடும். நீ போன முதல் வருடம் அந்தப் பாட்டோடுதான் எனக்கு விடிந்தது.

அடுத்த வருடம் நாவிதன்வெளிப் பக்கம் நம் வயலில் வெள்ளாமை பால் கட்டுகிற நேரம் குருவிக் கூட்டம் வந்து விழுந்தது. கூலிக்கு நின்றவர்கள் வலை கட்டிப் பிடித்தார்கள். வாப்பா அதில் நாலை ஒரு பன்கூடைக்குள் போட்டு, சாரத்தால் மூடி, மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். வந்தவர் என்னிடம் கேட்கவுமில்லை, நேரே கொண்டுபோய் உன் கூட்டுக்குள் விட்டுவிட்டார். "மகன்ட குருவி போலயே இரிக்கி. துணைக்கு நிக்கட்டும். அவன் பாத்தா சந்தோசப்படுவான்" என்றார். உன்னை அனுப்பிய பிறகு உனக்காக அவர் செய்ய முடிந்த ஒரே காரியம் அதுதான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மனிதர் அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார்.

நீ வீடியோவில் பார்த்தவுடனே சொன்னாய். "வாப்பாட்ட கோவிக்காதீங்க உம்மா. ஆனா வயல் குருவி கூட்டுக்குள்ள நிக்காது, கம்பியில அடிச்சிச் செத்துப்போகும். மத்ததுகளுக்கும் நோய் வரும். அது நாலையும் விட்டிருங்க." பிறகு, "பாத்து விடுங்க, ரெண்டும் ஒரே நிறம். வயித்தப் பாருங்க..." என்று தொடங்கினாய். நான் உன்னை முடிக்க விடவில்லை. "எனக்கே படிப்பிக்க வாறியா? இருவது வருசமா இணைக்கவர்ச்சுட்டி படிப்பிக்கிறவள் நான்" என்றேன். நீ சிரித்தாய். "ஓம் டீச்சர்" என்றாய். அதோடு விட்டுவிட்டாய். இணைக்கவர்ச்சுட்டி என்றால், ஒரு கேள்வி கேட்டு, ஆம் என்றால் ஒரு பக்கம், இல்லை என்றால் மறுபக்கம் என்று இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டே போய்க் கடைசியில் உயிரியின் பெயரைக் கண்டுபிடிப்பது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் ஒன்றை எப்போதும் சொல்வேன், முதல் கேள்வி பிழைத்தால் பிறகு வருகிற எல்லாம் பிழைக்கும் என்று. அதைக் கரும்பலகையில் கோடிட்டும் காட்டுவேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் கூட்டின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். எட்டும் மேல்பக்கம் ஒரே கபிலம், எட்டுக்கும் முதுகின் அடியில் வெள்ளைப் பட்டை. வயிற்றில்தான் வித்தியாசம். நாலுக்கு வயிறு சுத்த வெள்ளை. நாலுக்கு மங்கல் வெள்ளையில் மீன் செதிள் போலக் கோடு கோடாக இருந்தது. எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. வயலில் நெல்லுக்குருவி என்று நான் சின்ன வயதிலிருந்து பார்த்ததெல்லாம் நெஞ்சில் செதிள் உள்ள குருவிதான். அப்படியென்றால் செதிள் இருந்தால் வயல், இல்லாவிட்டால் கூடு. அவ்வளவுதான் என் கேள்வி. கையை உள்ளே விட்டேன். செதிள் குருவிகள் நாலும் ஒதுங்காமல் பிடிபட்டன. ஒன்று என் விரலில் தானாகவே ஏறியது. நாலையும் மதிலுக்கு அப்பால் பறக்க விட்டேன். நல்ல காரியம் செய்த களைப்போடு போய்ச் சமைத்தேன்.

அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது கூட்டின் மேல் இரண்டு குருவி குந்தியிருந்தன. கம்பியைக் காலால் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தன. தினைக்குத் திரும்பி வந்துவிட்டது, இனி வயல் குருவியெல்லாம் இங்கேதான் வரப்போகிறது என்று எனக்கு எரிச்சல். கொடியில் கிடந்த துவாயை எடுத்து வீசி விரட்டினேன். முருங்கைக்குப் போய்விட்டு வந்தன. திரும்பவும் விரட்டினேன். திரும்பவும் வந்தன. மூன்றாம் முறை துவாய் உடம்பில் படும் வரைக்கும் அசையவில்லை. "பயமே இல்லாத சனியன்கள்" என்றேன். தங்கச்சி பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "உம்மா, பயமில்லாதது எப்பிடி வயல் குருவியாகும்?" என்று கேட்டாள். நான் அவளைப் பார்த்து, "நீ உள்ளுக்குப் போ. வளவுக்குள்ள தலையில முந்தானை இல்லாம நின்டு கதைக்கிறாய்" என்றேன். அவள் போய்விட்டாள். மகன், அந்த வீட்டில் அன்றைக்குச் சரியான கேள்வி கேட்டது அவள் ஒருத்திதான். நான் அதற்குக் கொடுத்த பதில் அது.

மறுநாள் விடிந்தும் பாட்டு இல்லை. தேத்தண்ணி ஆறும் வரைக்கும் இருந்தேன். கூட்டுக்குள் நாலு குருவியும் என்னைக் கண்டதும் பின்பக்கக் கம்பியில் போய் மோதின. தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே இறகும், காகம் விட்டுப்போன ஒரு காலும் கிடந்தன. மற்றதைக் காணவில்லை. திரும்பி வராமலே போன இரண்டையும் பிறகு யாரும் காணவேயில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூட நூலகத்தில் பறவைப் புத்தகம் எடுத்துப் பார்த்தேன். நம் வயல்களில் இரண்டு வகை இருக்கிறதாம். ஒன்று புள்ளிச் சில்லை, நெஞ்சில் செதிள் உள்ளது, நான் அறிந்தது. மற்றது வெண்முதுகுச் சில்லை, வயிறு வெள்ளை. வாப்பா கொண்டுவந்தது அது. கூட்டில் வளர்க்கிற பெங்காலி அந்த இரண்டாவது வகையின் வழியில் வந்தது, அதனால்தான் முதுகில் அதே வெள்ளைப் பட்டை. தலைமுறை தலைமுறையாகக் கூட்டில் பெருகியதில் அதன் வயிறு மட்டும் அப்படி மங்கிக் கோடு விழுந்துபோயிருந்தது. முப்பது வருடம் வயலைப் பார்த்தவள் வயலில் ஒரு வகைதான் இருக்கும் என்று நம்பியிருந்தேன்.

அன்று இரவு நீ போன் எடுத்தாய். "விட்டீங்களா உம்மா?" "ஓம், வயல் குருவி நாலையும் விட்டுட்டன்." "என்ட நாலும்?" "நிக்கிது." ஒரே சொல். அதைச் சொல்லிவிட்டு உன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். பிறகு நீ வீடியோவில் காட்டச் சொன்னபோதெல்லாம் வெளிச்சம் காணாது என்றேன், போனைத் தூரத்தில் பிடித்தேன். ஒரு நாள், "பாட்டையாவது அனுப்புங்க உம்மா, இங்க கோடவுனுக்குள்ள ஒரு சத்தமும் இல்ல, மெசின் மட்டுந்தான்" என்றாய். நீ போக முதல் என் போனில் பதிவு செய்து வைத்த ஒன்று இருந்தது. அதை அனுப்பினேன். கடைசிவரை கேட்டுப் பார்க்காமல் அனுப்பினேன். பிறகு கேட்டேன். பாட்டு முடிகிற இடத்தில், மெல்லிசாக, நீ நாக்கைத் தட்டி அதற்குப் பதில் கொடுக்கிற சத்தம் இருந்தது. உன் குரலை நீயே கேட்டிருப்பாய். நீ எழுதிய பதில், "நல்லாப் பாடுது உம்மா." அதன் பிறகு நாலு வருடம் நீ குருவியைப் பற்றிக் கேட்கவேயில்லை.

ஆகவே இதில் உனக்குத் தெரியாதது அந்தத் துவாய் மட்டுமாகத்தான் இருக்கும். அவை திரும்பி வந்தன, மகன். இரண்டு திரும்பி வந்தன. உள்ளே விடு என்று கேட்டன. நான்தான் விரட்டினேன்.

இதைக் குருவிக்காக மட்டும் எழுதவில்லை என்பது உனக்கு விளங்கும். நீ போக முதல், உனக்கு இருபது வயது. தெருப்பக்கம் ஒரு சின்னக் கடை போட்டு மீனும் குருவியும் விற்கிறேன் என்றாய். "குருவி வித்துத் தங்கச்சிக்கு வீடு கட்டேலுமா?" என்று கேட்டேன். வாப்பா, "அவன விடு, அவனுக்கு வெளிநாடு ஏலா. அவன் ஆக்களோட முட்டி மோதிற புள்ள இல்ல" என்றார். எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடில்லாமல் கலியாணமில்லை, காக்கா என்று ஒரு மூத்தவன் இருந்தால் அது அவன் தலையில்தான், இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததைப் போல அவருக்கும் தெரியும். அது தெரிந்துகொண்டே சொன்னார். நான் உன்னைப் பார்த்தேன். "உம்மா சொன்னா சரி" என்றாய். மறுத்துக் கதைக்காத பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும் என்று முடிவுசெய்தேன். கைக்குள் அடங்கி இருந்ததைத்தான் வெளியே விட்டேன்.

தங்கச்சி மறுத்துக் கதைக்கிறவள். மாத்தறைக் கம்பஸுக்கு எடுபட்டபோது, "தனியப் போய் இருப்பன், சமைப்பன், பஸ்ஸில வருவன், என்ன பயம்?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டாள். இந்தளவு துணிச்சல் உள்ளதை வெளியே விடக்கூடாது என்று நினைத்தேன். நானே ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் வீட்டை விட்டு இருந்து படித்தவள். ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன். அவளுக்கு வந்த கடிதத்தை நான் கிழிக்கவில்லை. அலுமாரியில் பத்திரமாக வைத்தேன், கம்பஸில் சேருகிற திகதி முடியும் வரைக்கும். மருமகன் நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் சமைக்கிறாள், சிரிக்கிறாள், மாமி வீட்டுக்குப் போய் வருகிறாள். ஒரு கதவைச் சாத்தினால் மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்துகிறாள்.

வயல் குருவிகளை உடனே ஏன் விடவில்லை என்று கேட்பாய். கூடு வெறுமையானால் நான் சொன்ன பொய் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. வாப்பாகூடக் கேட்டார், "நாலு விட்டாய், நாலு மிச்சம், இதுகள் ஏன் இன்னும் அடிச்சிக்கொண்டு கிடக்கு?" என்று. கச்சான் காற்றுக்கு ஏதோ நோய் என்றேன். முதல் மாதத்திலேயே இரண்டு கம்பியில் அடித்துச் செத்தன. மற்ற இரண்டும் நாலு வருடம் இருந்தன. கலியாணம் முடிந்த ஒன்பதாம் நாள், தங்கச்சி யாரிடமும் கேட்காமல் வந்து கூட்டுக் கதவைத் திறந்து, ஒரு கம்பித்துண்டால் அது மூடாதபடி கட்டிவிட்டாள். ஒன்று அந்த நிமிடமே போய்விட்டது. மற்றது கதவுவரை வந்து, குந்தியிருந்துவிட்டு, தட்டுக்கே திரும்பிப் போனது. "இதுக்கு மறந்திட்டு உம்மா" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அது உள்ளேதான் இருக்கிறது. கதவும் திறந்தேதான் இருக்கிறது.

இனி நீ கேட்ட கேள்வி. கலியாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் நீ போன் எடுத்தாய். அந்த நேரம் நான் வினாத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "உம்மா, வீட்டு வேலை முடிஞ்சிதானே. நான் வந்திரட்டா? ஏலாமக் கிடக்கு" என்றாய். நீ "ஏலா" என்று சொல்லி நான் கேட்டதேயில்லை. உனக்கு என் மறுமொழி வரும் என்று நீ அந்தப் பக்கம் காத்திருந்தாய், உன் மூச்சு கேட்டது. எனக்குள் என்ன ஓடியது தெரியுமா? வந்தால் எங்கே படுப்பான்? தொழில் இல்லாத மாப்பிள்ளைக்கு யார் வீடு கொடுத்துக் கூப்பிடுவார்கள்? மருமகன் வீட்டார் என்ன நினைப்பார்கள்? இதைத்தான் கேட்டேன் எனக்குள். உனக்கு என்ன ஏலாமல் கிடக்கிறது என்று கேட்கவில்லை. "இன்னும் ரெண்டு வருசம் நில்லு மகன். மறுகா பாப்பம்" என்றேன். "ஓம் உம்மா" என்றாய். அந்தக் குருவிகளைப் போல மூன்று முறை நீ கேட்கவில்லை. ஒரு முறை விரட்டியதோடு போய்விட்டாய். அடுத்த கிழமை இன்னும் இரண்டு வருட வேலைக்குத் திரும்பவும் கையெழுத்து வைத்துவிட்டதாகச் சொன்னாய்.

அதனால் இப்போது வா என்று எழுத முடியவில்லை. வா என்று சொல்ல வேண்டிய நாள் போய்விட்டது. உன் பாஸ்போட் உன் கையில் இல்லை, உன் கையெழுத்து அந்தத் தாளில் இருக்கிறது, உன் அறையில் இன்னொரு குடும்பம் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து நீ வரும்போது உனக்கு இருபத்தேழு. அந்த வயதிலும் குருவிக் கடை என்று சொல்வாயோ, அந்தக் கதையே உனக்குள் இல்லாமல் போயிருக்குமோ, எனக்குத் தெரியாது. ஏழு வருடத்துக்குப் பிறகு என் முன்னால் வந்து நிற்பவன் வெளியே பழகியவனா, உள்ளே இருக்க வேண்டியவனா என்று பார்த்த உடனே சொல்கிற ஆள் நான் இல்லை என்பதும் இப்போது எனக்குத் தெரியும். நான் பிரித்த எல்லாவற்றையும் பிழையாகப் பிரித்திருக்கிறேன்.

உனக்கும் பிள்ளைகள் வரும். அவர்கள் யார் வீட்டில் பிறந்தாலும் உன் பிள்ளைகள். எது அடங்கியிருக்கிறது, எது அடித்துக்கொள்கிறது என்பதை மட்டும் வைத்து ஒன்றையும் முடிவுசெய்யாதே. யாராவது வயிற்றைப் பார் என்று சொல்லத் தொடங்கினால் அவர்கள் முடிக்கும் வரைக்கும் பொறு. இதைவிட வேறு புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இதற்கும் இருக்கிறதா தெரியாது.

இதைப் படித்தபின் எனக்குப் போன் எடுத்து "பரவாயில்ல உம்மா" என்று சொல்லாதே. நீ சொல்வாய் என்று தெரியும், அதனால்தான் சொல்கிறேன். அந்தச் சொல்லை உன்னிடமிருந்து வாங்கி வாங்கித்தான் நான் இந்த அளவுக்கு வந்தேன். கோபம் வந்தால் கோபப்படு. ஒரு மாதம் எடுக்காமல் இருந்தாலும் நான் வாப்பாவிடம் ஏதாவது சொல்லிக்கொள்வேன். இல்லை, அவரிடமும் இனி உள்ளதையே சொல்கிறேன்.

தினமும் அஸருக்குப் பிறகு முக்காலியைக் கூட்டுக்குப் பக்கத்தில் போட்டு உட்காருகிறேன். உள்ளே இருக்கிற ஒன்று என்னைக் கண்டால் இப்போதும் பின்கம்பிக்குப் போகும், பிறகு தட்டுக்கு வரும். துவாயைக் கொடியிலேயே விட்டுவிட்டேன். கூட்டின் மேலே எது வந்து குந்தினாலும் நான் விரட்டுவதில்லை.

காகம்தான் வருகிறது, மகன்.

உம்மா